60 சீட்டு, 48 நாள், தேறியது 9

நேற்றோடு 48 நாள் முடிந்தது. தினம் ஒரு சொல்லை எடுத்து, அதை வைத்து ஒரு குட்டிக் கவிதையோ நாலைந்து வரியில் ஒரு சித்திரமோ எழுதுவது என்று ஆனி முதல் தேதி ஆரம்பித்த வேலை. ஒரு மண்டலம் இழுத்துப் பிடித்துவிட்டால் பழகிவிடும் என்று நினைத்தேன்.

கணக்கு இது. ஆறு நாள் எழுதவில்லை. மீதி 42 நாளில் சின்னக் கவிதை 24, அஞ்சலட்டையில் எழுதிய உரைநடைத் துண்டு 17, வெண்பா ஒன்று. மறுபடி எடுத்துப் படிக்கும்போது கூச்சம் வராதது 9. கைக்காசு 63 ரூபாய்.

எனக்கு வேலை பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக் கடையில். காலை ஒன்பதிலிருந்து இரவு பத்து வரை கவுண்டரில் நிற்பேன். முன்பு எழுதிய பழக்கம் என்று சொல்ல, கல்லூரி ஆண்டுமலரில் வந்த ஒரு கவிதை மட்டும் உண்டு. அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

முதல் பத்து நாளுக்கான சொற்களை நானே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். மழை, தனிமை, அம்மா, நிலா, காதல், பிரிவு என்று போனது அந்தப் பட்டியல். பார்த்தாலே தெரிந்திருக்க வேண்டும். முதல் நாள் மழைக்கு வந்தது இது:

வானத்தின் கண்ணீரே
மண்ணின் புன்னகையே

ஆட்டோவின் முதுகில் எழுதியிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும். அன்றைக்கு உண்மையில் குற்றாலப் பக்கமிருந்து சாரல் காற்று வந்து கடை முன்னால் கட்டியிருந்த பிளாஸ்டிக் விரிப்பைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. வாசலில் நின்ற பெரியவர் ஒருவர் ஒரு கையால் வேட்டியையும் இன்னொரு கையால் மருந்துச் சீட்டையும் பிடித்துக்கொண்டு, பணத்தை எப்படி எடுப்பது என்று முழித்தார். அது எதுவும் கவிதைக்குள் வரவில்லை. மழை என்ற சொல்லைக் கேட்டதும் ஏற்கெனவே நூறு பேர் சொன்னதுதான் கைக்கு வந்தது. தனிமைக்கும் நிலாவுக்கும் அதே கதி. நிலா அன்றைக்கு வானத்திலேயே இல்லை.

இந்தப் பத்து நாளில் மூன்று நாள் ஐக்கூவில் போயிற்று. பாரதி 1916இலேயே சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதியிருக்கிறார், நாமும் முயன்று பார்ப்போமே என்று இறங்கினேன். ஐக்கூவின் மூன்று வரிக்கு 5, 7, 5 என்ற கணக்கைத் தமிழில் எதை வைத்து எண்ணுவது? புள்ளி வைத்த எழுத்தைச் சேர்ப்பதா விடுவதா? விட்டுவிட்டு எண்ணினேன். எண்ணிக்கை சரியாக வந்த நாளில் பொருள் வரவில்லை, பொருள் வந்த நாளில் ஒரு எழுத்து மிஞ்சியது. மூன்றாம் நாள் அந்த அளவுகோலைத் தூக்கி வைத்தேன். அதற்குப் பதிலாகச் சங்க நூலான ஐங்குறுநூற்றின் அளவை எடுத்துக்கொண்டேன்: 3 அடிக்குக் குறையக் கூடாது, 6 அடிக்கு மேல் போகக் கூடாது. மற்றபடி யாப்பு கீப்பு ஒன்றும் இல்லை. எல்லை மட்டும் கடன். இதுவரை மாற்றத் தோன்றாத முடிவு இது ஒன்றுதான்.

அடுத்த தவறு தாளில். கடையில் பில் போடும் ரோல் முடியப் போகும்போது ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு ஓடும். அந்தக் கடைசித் துண்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புது ரோல் மாட்டுவோம். அகலம் 57 மில்லிமீட்டர், வழுவழுப்பு, பேனா நன்றாக ஓடும், காசும் இல்லை. பதினொரு நாள் அதில்தான் எழுதினேன். எழுதியதை மடித்து மதியச் சாப்பாட்டுப் பையின் அடியில் போட்டு வைப்பது வழக்கம். பன்னிரண்டாம் நாள் வீட்டுக்காரி சாம்பார் சாதத்தை அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு எவர்சில்வர் டப்பாவில் அடைத்துக் கொடுத்தாள். மதியம் பையைத் திறந்தால் பதினொன்றில் எட்டுத் துண்டு கரிக்கட்டை. அந்த ரோலில் மை எதுவும் கிடையாது, சூடு பட்டால் கறுக்கும் பூச்சு மட்டும்தான். தினம் நூறு பில் கிழிக்கிற எனக்கே அது நினைவுக்கு வரவில்லை. கறுப்பின் மேல் நீலப் பேனா. சாய்த்துப் பிடித்தால் ‘பிரிவு’ என்ற சொல் மட்டும் பளபளத்தது. பெரிய இழப்பு இல்லை என்பது அப்போதே தெரியும்.

மிஞ்சிய மூன்றையும் நோட்டில் நகல் எடுத்தபோதுதான் இன்னொன்று புரிந்தது. வரிகளை நான் உடைக்கவே இல்லை, தாள்தான் உடைத்திருக்கிறது. 57 மில்லிமீட்டரில் என் கையெழுத்துக்கு மூன்று சொல்தான் பிடிக்கும். மூன்று சொல் ஆனதும் அடுத்த வரிக்குப் போயிருக்கிறேன். அகலமான நோட்டில் அதே உடைப்போடு எழுதினால் நொண்டுகிறது. சேர்த்து எழுதினால் சாதாரண வாக்கியம், அதிலும் சுமாரான வாக்கியம்.

அன்று மாலை 40 ரூபாய்க்கு ஒரு கோடு போட்ட நோட்டு, 10 ரூபாய்க்கு இரண்டு நடராஜ் பென்சில் வாங்கினேன். பென்சில் எதற்கு என்றால், பேனாவில் அடித்துத் திருத்தினால் அடித்த சொல் அங்கேயே கிடந்து முறைக்கிறது. பென்சிலில் அழித்துவிட்டால் அதன் மேல் பாசம் போய்விடும்.

அப்புறம் பாட்டில். பழைய ஹார்லிக்ஸ் கண்ணாடி பாட்டில் ஒன்று பரணில் இருந்தது. சீட்டுக்கு ஒரு சொல்லாக 60 சீட்டு எழுதி மடித்து அதில் போட்டு, தினம் ஒன்றை எடுப்பது என்று ஏற்பாடு. வீட்டுக்காரியிடம் 15, எட்டாவது படிக்கும் மகளிடம் 15, அம்மாவிடம் 10, கடையில் கூட வேலை பார்க்கும் தம்பியிடம் 10, நான் 10. நிபந்தனை ஒன்றுதான்: கையால் தொட முடிய வேண்டும், அல்லது காதில் விழுந்ததாக இருக்க வேண்டும். மனசு, வலி, கனவு எதுவும் வேண்டாம். மகள் அப்படியும் ‘பிரபஞ்சம்’ என்று ஒன்றை மடித்துப் போட்டிருந்தாள். கேட்டால், “புத்தகத்துல படம் இருக்கு, தொடலாம்” என்றாள்.

அம்மா எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். காய் நறுக்கிக்கொண்டே அவள் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். ‘நேத்து வச்ச குழம்பு’, ‘கதவிடுக்கு’, ‘விசில்’, ‘அப்பாவோட குடை’, ‘ரேஷன் பை’. தேறிய ஒன்பதில் நான்கு அம்மாவின் சீட்டிலிருந்து வந்தவை. என் சீட்டிலிருந்து ஒன்றுகூட இல்லை. மடிக்கும்போதே இதற்கு இப்படி எழுதலாம் என்று மனதில் ஒன்றைத் தயார் செய்துவிட்டுத்தான் மடித்திருக்கிறேன். சீட்டைப் பிரித்தால் அந்தப் பழைய யோசனை முன்னால் வந்து நிற்கிறது, புதிதாக ஒன்றும் வருவதில்லை.

‘விசில்’ எப்படிப் போனது என்பதை மட்டும் முழுசாகச் சொல்கிறேன். முதல் வரைவு:

தனிமையில் வாடும் ஆச்சி
எங்கள் வீட்டு விசில் கேட்டுப்
பசியோடு காத்திருக்கிறாள்
அன்பெனும் தட்டேந்தி

எழுதி முடித்ததும் திருப்தியாகத்தான் இருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது வயிற்றைப் பிரட்டியது. ஆச்சி வாடியதை நான் பார்க்கவில்லை. அவள் பசியும் எனக்குத் தெரியாது. தட்டை ஏந்தியதும் இல்லை, அப்படிச் சொன்னது தெரிந்தால் என் முகத்திலேயே முழிக்க மாட்டாள். நான் பார்த்தது ஒன்றுதான்: எங்கள் வீட்டு குக்கர் அடிக்கும் நேரத்தில் அவள் முற்றத்துக் குழாயில் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைப்பாள். பார்க்காததை எல்லாம் அழித்தேன்.

குக்கர் விசில் அடிக்கிறது
பக்கத்து வீட்டு ஆச்சி
தட்டைக் கழுவி வைக்கிறாள்
எங்கள் வீட்டுச் சோற்றுக்காக

பரவாயில்லை. ஆனால் நாலாவது வரி, சிரிப்புக் கதை சொல்லிவிட்டு அதற்கு விளக்கமும் சொல்கிற மாதிரி. அதை எடுத்தால் எந்த வீட்டு விசில் என்பது தெரியாமல் போகிறது. இரண்டு நாள் அப்படியே கிடந்தது. மூன்றாம் நாள் அதே வரியிலிருந்து ‘எங்கள் வீட்டை’ மட்டும் கழற்றி மேலே மாட்டினேன். சோற்றுக்கு எத்தனை விசில் என்பதும் கூடவே வந்தது.

எங்கள் வீட்டில் மூன்றாவது விசில்.
பக்கத்து வீட்டு ஆச்சி
தட்டைக் கழுவி வைக்கிறாள்.

முதல் வரைவில் 11 சொல், கடைசியில் 10. குறைந்தது ஒன்றே ஒன்று. ஆனால் முதலில் இருந்தவற்றில் தங்கியது ஆச்சி, எங்கள், வீடு, விசில், தட்டு ஐந்தும்தான். இதை ஆச்சியிடம் படித்துக் காட்டவில்லை, காட்டவும் மாட்டேன்.

இந்தப் பாட்டிலில் ஒரு விபத்தும் நடந்தது. வீட்டுக்காரி கடை சாமான் சீட்டு எழுதுகிற அதே தாளில்தான் கவிதைச் சீட்டும் கிழித்தது. ஒருநாள் பிரித்தால் ‘கேஸ் புக் பண்ணணும், மறக்காதீங்க’. மூன்று வாரம் முந்தையது. முந்தின நாள்தான் சிலிண்டர் தீர்ந்து, மண்ணெண்ணெய் அடுப்பைத் தேடி எடுத்து, வீட்டில் நல்ல வாங்கு வாங்கியிருந்தேன்.

மறக்காதீங்க என்று
நீ எழுதிய சீட்டு
கவிதை பாட்டிலில் இருந்தது.
நேற்று அடுப்பு அணைந்தது.

அவளிடம் காட்டினேன். “இதை மட்டும் ஒழுங்கா எழுதத் தெரியுது” என்றாள். ஒன்பதில் இதையும் சேர்த்திருக்கிறேன்.

நேரம் பற்றியும் சொல்ல வேண்டும். முதலில் இரவு பதினொரு மணிக்கு, எல்லோரும் படுத்த பிறகு என்று வைத்தேன். எழுதாமல் விட்ட ஆறு நாளும் அந்தக் காலத்தில்தான். நோட்டு நெஞ்சின் மேல், விளக்கு எரிந்தபடி. பிறகு மதியம் இரண்டரைக்கு மாற்றினேன். கடையில் கூட்டம் இல்லாத நேரம் அது. செல்போனில் 15 நிமிட மணி வைத்துவிட்டு, மணி அடித்ததும் பாதி வாக்கியமாக இருந்தாலும் நிறுத்தினேன். நடுவில் யாராவது இருமல் மருந்து கேட்டு வருவார்கள். அது இடைஞ்சல் இல்லை என்று தெரிந்துகொள்ள ஒரு வாரம் ஆனது. சீட்டில் ‘கத்தரிக்கோல்’ வந்த அன்று ஒன்றும் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். ஒருவர் வந்து, பத்து மாத்திரை அட்டையில் நான்கு மட்டும் கேட்டார். வெட்டிக் கொடுத்துவிட்டு வந்து எழுதினேன்:

நான்கு போதும் என்கிறார்.
வெட்டிய அட்டையில்
தேதி என் பக்கம் நின்றுவிட்டது.

கடைக்கு மாதம் ஒருமுறை பிரஷர் மாத்திரை வாங்க ஒரு தமிழாசிரியர் வருவார், ஓய்வு பெற்று வெகுகாலம் ஆனவர். கவுண்டரில் நோட்டைப் பார்த்துவிட்டார். சீட்டு எடுக்கும் கதையைச் சொன்னதும், “இதென்ன தம்பி புதுசு? அந்தக் காலத்துல ஈற்றடி கொடுத்து வெண்பா பாடச் சொல்லுவாங்கள்லா, அதேதான்” என்றார். காளமேகப் புலவரைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளில் பாதி அப்படித்தானே. அப்போதே கவுண்டரைத் தட்டிக்கொண்டு ஒரு ஈற்றடியும் கொடுத்துவிட்டார்: ‘மருந்தென வந்தார் சிலர்’. மேலே நாலு சீர் சேர்த்தால் குறள் வெண்பா.

நாலு சீர்தானே என்று நினைத்தேன். நாலு நாள் ஆனது. பள்ளியில் படித்த ‘மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர்’ என்ற தளை விதியை, அதாவது ஒரு சீர் முடிவதைப் பார்த்து அடுத்த சீர் எப்படித் தொடங்க வேண்டும் என்பதை, மகளின் இலக்கணப் புத்தகத்தைப் பார்த்து மறுபடி தெரிந்துகொண்டேன். முதலில் போட்டது, ‘இருக்கும் காசில் இரண்டட்டை வாங்க’. சார் காதில் வாங்கியதுமே, “இருக்கும் புளிமா. அடுத்தது நிரையில வரணும். நீங்க காசுல போய் நிக்கிறீங்க. தளை தட்டுது” என்றார். ‘காசில்’ நேரில் தொடங்குகிறது, அதுதான் கோளாறு. ‘பணத்தில்’ என்று மாற்றியதும் உட்கார்ந்தது. ‘இருக்கும்’ என்பதை ‘இருந்த’ ஆக்கினால் கீழே உள்ள ‘மருந்தென’வுக்கு எதுகையும் இறுகுகிறது என்பதை மட்டும் நானே கண்டுபிடித்தேன்.

இருந்த பணத்தில் இரண்டட்டை வாங்க
மருந்தென வந்தார் சிலர்

சார் விரல் விட்டு எண்ணிவிட்டு, “தட்டல” என்றார். அவ்வளவுதான் பாராட்டு. கவிதை என்று இதை ஒன்பதில் சேர்க்கவில்லை. ஆனால் காசா பணமா என்று நாலு நாள் மண்டையை உடைத்ததில், ஒரு சொல்லுக்குப் பக்கத்தில் இன்னும் எத்தனை சொல் நிற்கிறது என்று திரும்பிப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது.

ஆனித் தேரன்று எழுதிய ‘தேர் நகர்ந்த பிறகு ரத வீதியில் ஜோடி சேராத செருப்புகள்’ என்பதையும் அவரிடம் காட்டினேன். “நல்ல போட்டோ தம்பி. ஆனா ஏற்கெனவே எடுத்த போட்டோ” என்றார். கழித்தேன்.

அஞ்சலட்டை யோசனை வந்தது ஆனி மாதக் கடைசியில். மூன்று வரியில் அடங்காத சில விஷயங்கள் இருந்தன, நோட்டில் எழுதினால் இரண்டு பக்கம் போனது. அளவு குறிக்க ஏதாவது வேண்டும். அஞ்சலட்டை 14க்கு 9 சென்டிமீட்டர், விலை 50 பைசா. பக்கத்து அஞ்சலகத்தில் எட்டுதான் இருப்பு இருந்தது, ஜங்ஷன் பக்கம் போன அன்று இன்னொரு இடத்தில் 18 வாங்கினேன். ஒற்றைப்படையில் வாங்காதீர்கள், மீதி 50 பைசாவுக்கு நீங்களும் அவர்களும் எங்கே போவது? 26 அட்டை, 13 ரூபாய். சங்கரன்கோவிலில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பினேன். 17 போனது, மூன்று பாழ், ஆறு கையிருப்பு.

முதல் அட்டை போய்ச் சேர்ந்ததும் அக்கா போன் செய்தாள். “ஏல, போஸ்ட்மேன் படிச்சிட்டுத்தான் குடுத்தாரு. யாருக்கும்மா காய்ச்சல்னு கேக்காரு.” அந்த அட்டை இது, சீட்டில் வந்த சொல் ‘ஷட்டர்’:

இரவு பத்தேகால். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். கீழே குனிந்து ஒரு பையன் தெர்மாமீட்டர் கேட்டான். விலை சொன்னேன். ‘எவ்வளவுன்னு தெரிய வேண்டாம்ணே, சுடுதான்னு தெரிஞ்சாப் போதும்’ என்றான். யோசித்துவிட்டு என் கையைப் பிடித்து வெளியே இழுத்தான். ஷட்டருக்கு அந்தப் பக்கம், அவன் இடுப்பில் இருந்த தங்கச்சியின் நெற்றியில் வைத்தான்.

நோட்டில் இதற்கு இன்னும் நாலு வரி இருந்தது. நான் ஷட்டரை மறுபடி தூக்கியது, காய்ச்சல் மருந்து கொடுத்தது, காசு வேண்டாம் என்றது, பையன் கண்ணில் நன்றி. அட்டையில் இடம் தீர்ந்துபோனதால்தான் அந்த நாலு வரியும் போகவில்லை. பிறகு ஒரு அட்டையில் எழுத்தைப் பொடியாக்கி, அந்த மாதிரி ஒரு முடிவையும் உள்ளே திணித்து அனுப்பினேன். அக்கா சொன்னாள், “கடைசியில நீ நல்லவன்னு சொல்லி முடிச்சிருக்க. அது எனக்குத் தெரியாதாக்கும்?” அதன்பிறகு எழுத்தைப் பொடியாக்குவதில்லை. ஒரு அட்டைக்கு ஒன்பது வரி, பென்சில் இல்லை, பேனா. தபால் பையில் உரசி உரசி பென்சில் மங்கிவிடுகிறது. அதில்தான் ஒரு அட்டை பாழானது. மற்ற இரண்டில் முகவரிப் பக்கத்தில் கவிதை எழுதிவிட்டேன்.

அடுத்த முறை மாற்றப் போவது: என் கையால் ஒரு சீட்டுகூட எழுத மாட்டேன். அம்மாவிடம் 30 வாங்குவேன். அட்டையை முதல் நாளே தொடங்குவேன். எழுதிய அன்றே திருத்தக் கூடாது, இரண்டு நாள் கழித்துத்தான். இன்னொன்று, சாமான் சீட்டுக்கும் கவிதைச் சீட்டுக்கும் வேறு வேறு நிறத் தாள். இது என் யோசனை இல்லை, உத்தரவு.

பாட்டிலில் இன்னும் சீட்டு மிச்சம் இருக்கிறது. ‘அப்பாவோட குடை’ மூன்று முறை கைக்கு வந்தது, மூன்று முறையும் மடித்து உள்ளே போட்டுவிட்டு வேறொன்று எடுத்தேன். நாளை ஆடிப்பெருக்கு, கடை அரை நாள்தான். இன்று மதியம் குடையை இறக்கி விரித்துப் பார்த்தேன். கம்பி எட்டு. அதில் ஒன்று குடைக்கம்பி இல்லை, சைக்கிள் ஆரக்கம்பி. நுனியை வளைத்து நூலால் கட்டியிருக்கிறார். நோட்டில் இதுவரை எழுதியிருப்பது இவ்வளவுதான்:

எட்டில் ஒரு கம்பி
சைக்கிளிலிருந்து வந்தது.

மூன்றாவது அடி வரவில்லை. மணி அடித்துவிட்டது.